கடுப்பு சர்வீஸ்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் தண்ணீர்மலை முருகன் என் நாக்கை இன்றே முடக்கிப் போடட்டும். செபராங் ஜெயாவில், குளிர்சாதனம் விற்கும் அந்த ஏர்கோன் கம்பெனியின் மாடியில், கண்ணாடிக் கதவை ஒட்டி நின்று என் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

குகனுக்கு அங்கே புகார் போன் எடுக்கும் வேலை. நாள் முழுக்க ஊரார் திட்டுவார்கள். அவன் சிரித்த முகத்தோடு மன்னிப்புக் கேட்டு, "சோரிலா அண்ணே, சோரிலா அக்கா" என்பான். கேட்டுக் கேட்டே திட்டும் கலையில் தேறிவிட்டான். கோபப்படத் தெரியாத நல்லவர்களுக்காகக் காசு வாங்கிக்கொண்டு போனில் திட்டித் தரும் தொழிலைப் பக்க வேலையாகத் தொடங்கினான். அதற்கென்று தனி போன். பெயர் 'கடுப்பு சர்வீஸ்'. குரல் தெரியாமலிருக்கப் பொரித்த வாழைப்பழத் துண்டு ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வான்.

பக்க வேலை பார்த்தால் அன்றைக்கே வெளியே என்பது கம்பெனி சட்டம். வேலை போனால் கடனில் வாங்கிய வீடும் ஓட்டும் கெரேத்தாவும் பேங்குக்குப் போய்விடும்.

மேனேஜர் தங்கராஜு வேலையாட்களை நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. கையிலிருக்கும் போனைப் பார்த்தபடியே திட்டுவார். குகனின் முகம் வட்டமா சதுரமா என்று அவருக்குத் தெரியாது.

சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் நாகூர் மீரானுக்கு ஏர்கோன் கெட்டுப்போனது. "தம்பி, எனக்குக் கோவம் வராது. நீங்களே நாலு வார்த்தை கேளுங்க" என்று கடுப்பு சர்வீசிடம் சொன்னார். குகன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குப் போய்த் தன் கம்பெனிக்கே போன் போட்டான். அவன் இடத்தில் ஆளில்லாததால் எடுத்தவர் தங்கராஜு.

"யாருய்யா அது? ஏர்கோன் விக்கிறீங்களா, அடுப்பு விக்கிறீங்களா? உங்க மேனேஜர் மண்டையில இருக்கிறது மூளையா, கேஸ் தீர்ந்த கம்ப்ரசரா? நாகூர் மீரான் காசு குடுத்த கடுப்பு சர்வீஸ் பேசுறேன்!"

தங்கராஜு ஆடிப்போனார். பிறகு அந்த நம்பரைப் பத்திரமாகச் சேமித்துக்கொண்டார். அவரும் தொழில் தெரிந்தவர்.

தைப்பூசம் நெருங்கியது. தங்கராஜு காவடி எடுப்பவர். விரதத்தில் கடுஞ்சொல் கூடாது. வெளியே விடாத வசவுகள் உள்ளே சேர்ந்து மனிதர் உப்பத் தொடங்கினார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் பறந்து சுவர்க் கடிகாரத்தை நிறுத்திவிட்டது. இனித் தாங்காது என்று கடுப்பு சர்வீசை அழைத்தார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்ததும் குகன் கழிவறைக்கு ஓடினான். வாழைப்பழத்தைக் கன்னத்தில் திணித்தான்.

"தம்பி, நான் விரதம். இங்க குகன்னு ஒரு தண்டம் இருக்கான்லா. நானா தூக்கினா நஷ்டஈடு கேப்பான். அவனே எழுதிக் குடுத்துட்டு ஓடுற மாதிரி திட்டணும்."

"அப்படி என்னண்ணே செஞ்சான்?"

"யார் திட்டினாலும் சிரிக்கிறானாம். கேட்டாலே எனக்கு வயிறு எரியுது. இப்பவே திட்டுங்க."

ஒப்புக்குத் திட்டிவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் காசு வாங்கிவிட்டு அரைகுறையாகத் திட்டும் பழக்கம் குகனுக்கு இல்லை. "அவனுக்கே போன் போட்டுட்டேன்ணே, கழிவறையில இருக்கானாம்" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குள்ளேயே தொடங்கினான். தங்கராஜு கதவில் காதை வைத்துக் கேட்டார்.

"டேய் குகா! முதுகுல எலும்பு இருக்கா, இல்ல அதையும் ரிப்பேருக்கு அனுப்பிட்டியா?"

வாழைப்பழத்தை வெளியே எடுத்து, "சோரிலா அண்ணே" என்றான். மறுபடி திணித்தான்.

"என்னடா சோரி? அந்த மேனேஜர் உன் மூஞ்சிய ஒருநாளாவது பாத்திருக்கானா? நீ உக்காந்திருக்கிற நாற்காலிக்கு இருக்கிற மரியாத உனக்கு இருக்கா? அப்புறம் என்ன இழவுக்கு இங்க இளிச்சிக்கிட்டு இருக்க?"

குகனை யாரும் இவ்வளவு கேவலமாகப் பேசியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ராஜினாமா எழுதித் தங்கராஜுவின் மேசையில் எறிந்துவிட்டுப் போனான். அவர் நிமிரவில்லை. உடனே கடுப்பு சர்வீசுக்குப் போன் போட்டார்.

"பிரமாதம் தம்பி! அவன் இடம் காலி. நீங்களே வாங்க, கூடச் சம்பளம் தரேன். இனிமே புகார் சொல்ற ஒருத்தனும் ரெண்டாவது தடவை கூப்பிடக்கூடாது."

திங்கட்கிழமை குகன் கன்னம் வீங்க வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பக்க வேலை பாத்தா தொலைச்சிடுவேன்" என்றார் தங்கராஜு, போனைப் பார்த்தபடி.

"அந்த மாதிரி ஈனப் புத்தி நமக்கு இல்லண்ணே."

இப்போது அவன் பகலெல்லாம் ஊராரைத் திட்டுகிறான். பக்க வேலையாக, காசு வாங்கிக்கொண்டு பிறருக்காக மன்னிப்புக் கேட்டுத் தருகிறான். முதலில் வந்த ஆள் தங்கராஜுதான். விரதம் முடிந்த அன்று, சேர்த்து வைத்ததை எல்லாம் தன் சம்சாரத்திடம் கொட்டியிருந்தார்.

பினாங்குப் பாலத்தைத் தாண்டி செபராங் ஜெயா பக்கம் நான் இதுவரை போனதே இல்லை.