ஆறரை மணிக் குரல்

அந்த ஊரில் தினமும் மாலை ஆறரை மணிக்கு ஒரு தாயின் குரல் தன் மகளைச் சாப்பிடக் கூப்பிடும். தாயும் மகளும் ஊரைக் காலிசெய்து பத்தொன்பது வருடங்கள் ஆகியும் அந்தக் குரல் ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை. நீரேற்று நிலையக் குடியிருப்பின் பின்பக்கம், துவைக்கும் கல்லுக்கு மேலே, “ஏய் சில்வண்டு! சாப்பிட வாடி!” என்று மூன்று தடவை கேட்கும். மர அறுவை மில்லில் ரம்பத்தை நிறுத்துவது அதை வைத்துத்தான். கடைசி பஸ் கிளம்புவதும் அதை வைத்துத்தான். ஊரில் கடிகாரம் ரிப்பேர் பார்த்தவர் கடையை மூடிவிட்டுக் குடை தைக்கப் போய்விட்டார்.

தப்பு சில்வண்டுடையது. அவளுடைய அம்மா அங்கே பம்ப் ஆபரேட்டர். மாற்றல் வந்து லாரியில் சாமான் ஏற்றிய அன்று, ஊரைவிட்டு வரமாட்டேன் என்று எட்டு வயது மகள் வால்வுத் தொட்டிக்குள் இறங்கி ஒளிந்துகொண்டாள். மாலை ஆறரைக்கு அம்மா துவைக்கும் கல்மேல் ஏறி நின்று, சாப்பிட வரச்சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். மகளுக்கு நன்றாகவே கேட்டது. வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை. கடைசியில் லாரி டிரைவர் கண்டுபிடித்து அவளை அலாக்காகத் தூக்கி முன்சீட்டில் போட்டார். லாரி கிளம்பியதும் மகளைத் திட்டலாம் என்று அம்மா வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. பதில் கிடைக்காத குரல் அங்கேயே தங்கிவிட்டிருந்தது. புது ஊர் டாக்டர்கள் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து அம்மாவுக்கும் சேர்த்து மகள்தான் பேசினாள். வாடகைக்கு விட்ட வீட்டு ஓனரோடு சண்டை என்றால் அம்மா கண்ணை உருட்டுவாள், மகள் திட்டுவாள். இப்போது மகளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருந்தது, அடுத்த மாதம் சேரவேண்டும். அம்மா எழுதி அனுப்புவாள்தான். ஆனால் காதால் ஒரு திட்டுகூட வாங்காமல் அவ்வளவு தூரத்தில் எப்படிக் காலம் தள்ளுவது? அதனால் குரலைக் கையோடு வாங்கிப்போக இருவரும் வந்து இறங்கினார்கள்.

ஊராட்சி அலுவலகக் குமாஸ்தா மனுவை இரண்டு தடவை படித்தார்.

“குரல் உங்கம்மாவோடதுதான்னு என்ன ஆதாரம்?”

“ஊருக்கே தெரியுமே சார்.”

“ஊருக்குத் தெரிஞ்சா போதுமா, ஃபைலுக்குத் தெரிய வேணாமா? அம்மாவை ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க. ஒத்துப் பாத்துட்டு உடனே குடுத்துடறோம்.”

மகள் மேசையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்தாள். எறிவதற்குள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். மதியம் முழுக்க நாலு மேசை அலைந்தார்கள். குரல் போய்விட்டால் பஸ் எப்போது கிளம்பும் என்று நாலு மேசையிலும் கேட்டார்கள்.

ஆறரைக்கு மகள் அம்மாவையும் கூட்டிப்போய்த் துவைக்கும் கல்லருகே நின்றாள். முதல் கூப்பாடு விழுந்ததுமே, “இதோ வந்துட்டேம்மா!” என்று கத்தினாள். குரல் நின்றது. பிறகு மரியாதையாகக் கேட்டது:

“யாரும்மா நீங்க? எம்பொண்ணைப் பாத்தீங்களா? எட்டு வயசு, ரெட்டை ஜடை.”

“நான்தாம்மா அது!”

“விளையாடாதீங்கம்மா. சாப்பாடு ஆறுது.”

மகளுக்கு வந்த ஆத்திரத்துக்கும் அழுகைக்கும் அளவில்லை. அம்மா பக்கம் திரும்பி, “நீயாவது சொல்லித் தொலையேன், நான்தான்னு!” என்று கத்தினாள். யாரைப் பேசச் சொல்கிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்மேல் ஏறினாள். பழைய இடத்தில் நின்று வாயைத் திறந்தாள். இரண்டாவது கூப்பாடும் மூன்றாவதும் அவள் வாயிலிருந்தே வந்தன, உதடு பிசகவில்லை. இறங்கி வந்து பேசிப் பார்த்தாள், காற்று. மறுபடி ஏறிப் பார்த்தாள், காற்று. இனி நாளை ஆறரைக்குத்தான். இதற்குள் பஸ்ஸும் போயிருந்தது.

மறுநாள் மாலை மூன்று கூப்பாடும் அம்மாவுடையவை. இறங்கியதும் அவள் ஒரு சீட்டில், ‘நான் இங்கேயே இருக்கேன்’ என்று எழுதிக் காட்டினாள்.

“மூணு தடவை கத்துறதுக்காக யாராவது ஊர் மாறுவாங்களாம்மா? பைத்தியமா உனக்கு?” மகள் ஒரு வாரம் கத்தினாள், கெஞ்சினாள், பட்டினி கிடந்தாள். அம்மா எதற்கும் அசையவில்லை. புது ஆபரேட்டர் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார். கடைசியில் மகள் தனியாகப் பஸ் ஏறினாள், சன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஆறு வருடமாகிறது. மகள் இருக்கும் ஊரில் அப்போது மதியம். ஆபீஸ் மாடிப்படியில் நின்று தினமும் போன் செய்கிறாள். இங்கே அம்மா கல்மேல் நின்று, போனை வாயோரம் பிடித்துக் கூப்பிடுகிறாள். மகள் முதல் தடவையிலேயே, “வரேம்மா” என்றுவிடுகிறாள். இருந்தாலும் குரல் மூன்று தடவையும் கூப்பிட்டுத்தான் முடிக்கும். பஸ் கிளம்ப வேண்டுமே.