கோசோங்

என் வீட்டுக்காரர் கணேஸ்வரனுக்குச் சீனி வியாதி. டுரியான் துங்கால் டவுனில் இப்ராஹிம் பாயின் தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் அவர் வாயைத் திறக்கவே வேண்டாம். "தே ஓ கோசோங்" என்று பாயே உள்ளே குரல் கொடுத்துவிடுவார். பாலும் இல்லை, சீனியும் இல்லை, வெறும் சாயத் தண்ணீர்.

நாங்கள் வேலை பார்த்த எஸ்டேட்டை மூடிய பிறகும் போக இடமில்லாத சில குடும்பங்களாகச் சேர்ந்து, லயத்து வீடுகளுக்குப் பின்னால் கிடந்த சதுப்பைத் தூர்த்தோம். முழங்கால்வரை இழுக்கும் சேறு. மண் சுமந்து சுமந்து என் தோள்பட்டை இன்னும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. பட்டா யாரிடமும் இல்லை. வரிசையாக நட்ட செராய், அந்த எலுமிச்சைப் புல்தான் எல்லை, அதை யாரும் தாண்டியதில்லை. அப்புசாமி அண்ணன் ஜொகூருக்குப் போனபோது தன் பங்கை எங்களுக்குக் கொடுத்தார். என் கழுத்துச் சங்கிலி அவர் மனைவி கைக்குப் போனது. எல்லார் முன்னாலும் வெற்றிலை பாக்கு மாற்றினோம். அன்றிலிருந்து அது எங்கள் நிலம். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், அதனால் அது அப்படித்தான் இருந்தது.

சேறாகக் கிடந்தபோது எந்தக் கம்பெனியும் எட்டிப் பார்க்கவில்லை. மேடானதும் ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. நட்டஈடு போட ஆள் வருகிறது என்றதும், நிலம் பளிச்சென்று தெரிந்தால்தான் நல்ல விலை போடுவார்கள் என்றார் இவர். மரவள்ளி, வாழை, கத்தரி எல்லாவற்றையும் வெட்டி எரித்தோம். விருந்தாளி வரும் வாசலைப் போல நானே கூட்டிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கணக்கெடுக்க வந்தவன் திலீப், நம்ம தமிழ்ப் பையன்தான்.

"பயிரு எங்கக்கா?"

"எல்லாம் வெட்டி கிளீன் பண்ணியாச்சு தம்பி. நல்லா அளந்துக்குங்க."

அவன் சங்கடமாக என்னைப் பார்த்தான். "அக்கா, நெலம் கம்பெனியோடது. பயிருக்குத்தான் காசு. பக்கத்துல காளியம்மாக்காவுக்கு வாழைக்குப் போட்டாச்சு. இங்க நான் என்னத்த எழுதுறது?"

"இது சேறாக் கெடந்துச்சு தம்பி," என்றார் இவர். "மேடாக்குனதே நாங்கதான்."

"தெரியும்ணே. அதுக்கெல்லாம் காசு இல்லலா."

தானா கோசோங் என்று மலாயில் எழுதிக்கொண்டான். காலி நிலம்.

சாயங்காலம் பாய் கடைக்குப் போனோம். பாய் வழக்கம்போல உள்ளே திரும்பி, "தே ஓ கோ..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம் பாய். சீனி போட்டே குடுங்க," என்றார் இவர்.

பாய் என்னைப் பார்த்தார். என் கை வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது. தேநீர் வந்தது. இவர் சீனி டப்பாவை இழுத்து, மேலும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கினார்.