மயிரிழைக் கோணல்

அனந்தராமன் கடைக்குள் வந்தபோது வணக்கம் சொல்லவில்லை. வான்மதியும் உட்காரச் சொல்லவில்லை. கையிலிருந்த நீளப் பெட்டியை அவர் மேஜைமேல் வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்பதே சரி.

"பாரு. நீ பண்ண வேலைய நீயே தொறந்து பாரு."

"பாக்கறதுக்குத்தானே வரச் சொன்னேன். மெதுவா வைங்க. அப்புறம் அதையும் நான் ஒடைச்சேன்னு குரூப்ல போடுவீங்க."

அவருக்குப் பின்னால் ஜெயபிரகாஷ் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். டெக்ஸஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். ஊரிலுள்ள நானூறு தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் அட்மின். முருங்கைக்காய் வந்துவிட்டது, டேகேரில் இடம் காலி என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த குழு அது. அதில்தான் போன சனிக்கிழமை அனந்தராமன் எழுதினார்: 'வான்மதி கடையில் யாரும் துப்பாக்கி கொடுக்காதீர்கள். உயிர் போய்விடும். லைசன்ஸை ரத்து செய்யச் சொல்லி நான் எழுதப் போகிறேன்.'

அந்த லைசன்ஸ் போனால் வான்மதிக்குக் கடை இல்லை. கடை போனால் வேறு பிழைப்பு இல்லை. அதனால்தான் அவளும் பதிலுக்கு எழுதினாள்: 'குரூப்பில்தானே திட்டினீர்கள்? குரூப்பிலேயே கழற்றிப் பார்ப்போம். ஜெயபிரகாஷ் அண்ணன் வீடியோ எடுக்கட்டும். தப்பு என் பேரில் என்றால் நானே கடையைப் பூட்டுகிறேன்.' கோபத்தில் எழுதிய கடைசி வரிதான் அது. ஆனால் நானூறு குடும்பமும் அதைப் படித்துவிட்டது.

இந்தப் பகை துப்பாக்கியில் ஆரம்பிக்கவில்லை. இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அனந்தராமன் அவளுக்கு மேலாளர். பதினோரு நிமிட வீடியோ காலில், தன் கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு, அவளை வேலையை விட்டு எடுத்தார். முகத்தைக் காட்டக்கூட மனமில்லாத மனுஷன் என்று அன்றைக்கு அவள் மனதில் எழுதி வைத்தது இன்னும் அழியவில்லை. மெக்கானிக்கல் படித்தவள், இனி யார் காலிலும் விழுவதில்லை என்று துப்பாக்கி ரிப்பேர் படிப்பு படித்து, லைசன்ஸ் வாங்கி, டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தாள். ஆடி மாதம் அனந்தராமனின் மனைவி புஷ்பவல்லி இறந்த செய்தி குழுவில் வந்தபோது இருநூறு பேர் கைகூப்பிய பொம்மை போட்டார்கள். வான்மதி போடவில்லை. போகவும் இல்லை.

அப்படிப்பட்டவரே போன மாதம் அவள் கடைப் படியேறினார். உலகப் போர்க் காலத்து செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள் ஒன்று அவரிடம் இருந்தது. அதற்கு சைலன்சர் மாட்ட வேண்டும், ஆனால் பழைய குழாயில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. மற்ற கடைக்காரர்கள் குழாய் முனையில் மரை வெட்டித்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வெட்டாமல் மாட்ட ஒரு வளையம் கடைந்து தர அவளால் முடியும். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆள் தன் மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்று காத்திருப்பதைப் பார்க்கும் ஆசை, சரி என்று சொல்ல வைத்தது.

சைலன்சர் என்றால் சினிமாவில் வருகிற மாதிரி 'புஸ்' என்று சத்தம் வரும் சாமான் இல்லை. உள்ளே நடுவில் ஓட்டையுள்ள தட்டுகள் வரிசையாக இருக்கும். குண்டு அத்தனை ஓட்டையிலும் எதிலும் படாமல் போக வேண்டும். மயிரிழை கோணினாலும் தட்டில் இடிக்கும். சனிக்கிழமை காலை அனந்தராமன் துப்பாக்கி சுடும் மைதானத்தில் ஐந்தாவது முறை சுட்டபோது அதுதான் நடந்தது. சைலன்சரின் முன் மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. முன்னால் ஆள் இல்லாதது அவர் செய்த புண்ணியம்.

ஜெயபிரகாஷ் போனைத் தூக்கிப் பிடித்தார். "லைவ் போயிட்டிருக்கும்மா. நூத்து முப்பது பேர் பாக்கறாங்க."

வான்மதி ரைஃபிளை மேஜையோர இரும்புப் பிடியான வைஸில் பொருத்தினாள். நேர் பார்க்கும் எஃகுக் கம்பியைக் குழாய்க்குள் விட்டாள். வேலை முடிந்த அன்று இதே கம்பி அத்தனை ஓட்டைக்கும் நட்ட நடுவில் நின்றது. போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறாள். இன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து இடித்தது.

"கோணல்," என்றார் அனந்தராமன். "எல்லாரும் நல்லா பாத்துக்கங்க. கோணல்."

"அவசரப்படாதீங்க. ஏன் கோணல்னு பாக்கணும்ல?"

சைலன்சரைத் திருகிக் கழற்றினாள். அவள் கடைந்த வளையத்தில் குறையில்லை. ஆனால் சைலன்சர் அமர வேண்டிய விளிம்பில், ஒரு ஓரத்தில் மட்டும், காய்ந்த பொருக்கு ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாக உதிர்ந்தது. நடுவில் துளி சிவப்பு. மூக்கருகில் கொண்டுபோனாள்.

சந்தனம்!

இரண்டரை வருடத்துக்குப் பிறகு அவளுக்கு வந்த முதல் சந்தோஷம் அதுதான் என்று சொல்லலாம். சிரிப்பை அடக்கக்கூட அவள் முயலவில்லை. விரலை கேமராவுக்கு முன் நீட்டினாள்.

"நல்லா கிட்ட காட்டுங்கண்ணா. இது என்ன தெரியுதா எல்லாருக்கும்? சந்தனம். இதோ குங்குமம். சார் வியாழக்கிழமை எடுத்துட்டுப் போனாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்ல லேட்டா ஆயுத பூஜை. இந்த ஊர்லதான் எல்லா பண்டிகையும் வீக்கெண்டுக்குத் தள்ளிப் போகுமே! சைலன்சரக் கழட்டி, முனைல பொட்டு வெச்சு, தொடைக்காம அப்படியே திருப்பி மாட்டியிருக்கீங்க. காஞ்சு கட்டியா நின்னுடுச்சு. மாட்டினது கோணாம என்ன பண்ணும்?"

அனந்தராமன் குனிந்து அந்தப் பொருக்கைப் பார்த்தார். அந்தக் குனிவு அவளுக்குத் தேனாக இனித்தது.

"என் வேலைல கோணலாம், என் லைசன்ஸ ரத்து பண்ணணுமாம். துப்பாக்கிக்குப் பொட்டு வெச்சது யாரு? சொல்லுங்க சார். இன்னைக்கு கேமராவெல்லாம் ஆன்லதான் இருக்கு. சொல்லுங்க!"

ஜெயபிரகாஷ் போனைச் சற்றுத் தாழ்த்தினார். "அம்மா... வான்மதி..." என்று ஏதோ சொல்ல வந்தார்.

"நீங்க சும்மா இருங்கண்ணா. அவர் சொல்லட்டும்."

அனந்தராமன் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

"புஷ்பா போயி மூணு மாசம்தான் ஆகுது. ஒரு வருஷத்துக்கு எங்க வீட்ல பண்டிகை கிடையாது. ஆயுத பூஜை கிடையாது, தீபாவளி கிடையாது. சந்தனக் கிண்ணத்த அவ எங்க வெச்சிட்டுப் போனான்னுகூட எனக்குத் தெரியாது." அவள் விரலைக் காட்டினார். "இது யார் வீட்டுச் சந்தனம்?"

வான்மதியின் கண் தானாக லேத்தின் பக்கம் போனது. லேத்தின் நெற்றியில் சந்தனம், குங்குமம். டிரில்லிங் மெஷினில் சந்தனம், குங்குமம். வாசலில் தொங்கும் 'ஓப்பன்' பலகையில்கூட ஒரு பொட்டு. டெக்ஸஸ்காரர்கள் வந்து இது என்ன ரெட் டாட் என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போகும் அதே பொட்டு.

ஆயுத பூஜையன்று, புதன்கிழமை காலை நினைவுக்கு வந்தது. கடையிலிருந்த ஒவ்வொன்றுக்கும் மோதிர விரலால் வைத்துக்கொண்டே வந்தாள். நீளம் அலமாரித் தட்டில் அடங்காததால் அவர் ரைஃபிளின் சைலன்சரைத் தனியே கழற்றி வைத்திருந்தாள். இதற்கு வைப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றதும், ஆள்மேல்தானே கோபம், சாமான் என்ன பண்ணும் என்று குழாய் முனையில் ஒரு பொட்டு வைத்ததும் துல்லியமாக நினைவிருந்தது. மறுநாள் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்பே வந்து ஹாரன் அடித்தார் அவர். இந்த மூஞ்சி என் கடையில் இன்னும் ஐந்து நிமிடம் நிற்கக்கூடாது என்று, துடைக்காமல், கம்பி விட்டுப் பார்க்காமல், அவசரமாகத் திருகிக் கொடுத்து அனுப்பினாள்.

ஜெயபிரகாஷ் போனைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார். "நெட்வொர்க் போயிடுச்சுன்னு சொல்லி கட் பண்ணிடவாம்மா?"

"கட் பண்ணாதீங்க," என்றார் அனந்தராமன்.

அவள் நினைத்திருந்தால் அப்போதும் மழுப்பியிருக்கலாம். வாய் இருக்கிறது, ஆயிரம் காரணம் சொல்லலாம். ஆனால் விரல் நுனியில் சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. லேத் வேறு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நான்தான் வெச்சேன்," என்றாள் கேமராவைப் பார்த்து. "ஆயுத பூஜை அன்னைக்கு, இந்தக் கடைல. தொடைக்காம மாட்டினேன். மாட்டிட்டு செக் பண்ணல. தப்பு என் பேர்லதான். சார் எழுதினது சரி."

அனந்தராமன் ஜெயித்தவர் மாதிரி நடந்துகொள்ளவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ரைஃபிளை வைஸிலிருந்து அவரே எடுத்தார். பிய்ந்த சைலன்சரையும் எடுத்துப் பெட்டியில் வைத்தார். கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

"உன்ன வேலைய விட்டு எடுத்தது நான். என்னைத் திட்டு, குரூப்ல அசிங்கப்படுத்து, என்ன வேணா பண்ணு. அவ உன்ன என்ன பண்ணா? உன் வளைகாப்புக்கு மொத வளையல் போட்டவ அவதான். ஒரு வார்த்த கேக்க வரல நீ. வந்திருந்தா இன்னைக்கு எங்க வீட்ல பூஜை பண்ணோம்னு வாய் கூசாம சொல்லியிருக்க மாட்ட."

வான்மதி விரலிலிருந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு ஆறுதல் சொல்ல உனக்கு மனசு வரல," என்றார். "என் துப்பாக்கிக்குப் பொட்டு வெச்சிருக்க."

கதவு சாத்திக்கொண்டது. 'ஓப்பன்' பலகை கண்ணாடியில் இரண்டு முறை மோதி நின்றது. கடையை நானே பூட்டுகிறேன் என்று எழுதியது தான்தான் என்பது வான்மதிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஜெயபிரகாஷ் இன்னும் போனைத் தூக்கிப் பிடித்தபடிதான் நின்றார்.