நெட்டையன் நின்ற முனை

கடையின் முற்றத்தில் மரமறுக்கும் நடமாடும் இயந்திரங்கள் மூன்று வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. அறுப்புக்காரர் அவற்றின் ரம்பங்களை முதலில் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்துச் சக்கரத்திலிருந்து மறுபக்கத்துச் சக்கரம் வரை எவ்வளவு அகலம் என்று அளந்தார். அவர் வேலைக்குப் போகும் இடங்களின் வாசல்கள் பெரும்பாலும் குறுகலானவை. வாசலுக்குள் நுழையாத இயந்திரம் எவ்வளவு விரைவாக அறுத்தால் யாருக்கு என்ன பயன்?

பெரிய இயந்திரத்துக்கு இரும்புக் கைகள் இருந்தன. பொத்தானை அழுத்தினால், தரையில் கிடக்கும் மரத் தடியை அதுவே அள்ளித் தன் முதுகில் ஏற்றிக்கொள்ளுமாம். ஆயினும், மறுநாள் வேலை தொடங்கவேண்டிய அச்சகத்தின் பின்வாசலைவிட அது ஒரு முழம் அகலமாயிருந்தது. சிறியதோ, தொடைப் பருமனுக்கு மேற்பட்ட தடியைத் தாங்காது. நடுவில் நின்றதே அவருக்குப் பொருத்தமானது. பதினாறு அடித் தடி அதன் மேல் படுக்கும். அவருடைய பழைய ஜீப்பும் முனகாமல் அதை இழுத்துச் செல்லும்.

"இதுலயே ரெண்டு விதம் இருக்குங்க," என்றார் கடைக்காரர். "வின்ச் வெச்சது, வெக்காதது. இதோ இந்த உருளைதான் வின்ச். இதோட கம்பி வடத்தைத் தடியைச் சுத்தி மாட்டிட்டா, அதுவே உருட்டி மேல ஏத்திடும். வின்ச் இல்லேன்னா இந்த ரெண்டு சாய்சட்டத்து மேல ஆளுங்கதான் நெம்பி ஏத்தணும். நீங்க எத்தனை பேரு?"

அறுப்புக்காரர் வாய் திறப்பதற்குள், அவர் கையிலிருந்த கைபேசி பதில் சொல்லிவிட்டது.

"ரெண்டு பேருங்க! எங்க மாமாவும் நெட்டையனும்."

பேசியவர் அவருடைய மைத்துனர். காலஞ்சென்ற மனைவியின் தம்பி. தொலைவிலுள்ள ஒரு நகரத்தில் மகன் வீட்டில் இருந்துகொண்டு, இயந்திரம் வாங்கும்போது தம்மையும் கூட வைத்துக்கொள்ளவேண்டுமென்று அடம்பிடித்து, கைபேசி வழியாக வந்திருந்தார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் இருவரும் வாடகை இயந்திரம் ஒன்றை இழுத்துக்கொண்டு, மரம் விழுந்த இடங்களுக்கெல்லாம் போய்ப் பலகை அறுத்தவர்கள். எட்டு மாதங்களுக்கு முன்பு மைத்துனரின் முதுகெலும்பில் வட்டு ஒன்று விலகியது. இன்னும் ஒரு தடியைத் தூக்கினால் கால்கள் இரண்டும் அவருக்குச் சொந்தமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகன் வந்து அழைத்துப்போனான். போனவர் சும்மா இருந்தாரா? நாள்தோறும் கூப்பிட்டு, "தனியா என்ன மாமா பண்றீங்க? நான் வந்துடறேன்," என்றார். ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரைக்கும் வந்துவிட்டார். மகன்தான் தேடிப்பிடித்துத் திருப்பி அழைத்துச் சென்றான்.

அந்தச் செய்தி கேட்ட அன்றுதான் அறுப்புக்காரர் தம் வாழ்க்கையில் முதன்முறையாக முழுப் பொய் ஒன்றைச் சொன்னார்.

"ஒரு ஆளைச் சேத்துட்டேன் மாப்ளே. நீ ஒண்ணும் கவலைப்படாதே."

"யாரு? எப்படி இருப்பான்?"

சன்னலுக்கு வெளியே மின்கம்பம் ஒன்று நின்றது.

"நெட்டையா இருப்பான்," என்றார்.

இவ்வாறு பிறந்தவன் நெட்டையன். அவன் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மைத்துனர் பேருந்தைப் பற்றிப் பேசுவதில்லை. அவன் இல்லை என்று தெரிந்தால் அடுத்த பேருந்தில் ஏறிவிடுவார்; வந்த கையோடு தடியில் கைவைப்பார்; அவரைத் தடுக்க ஒருவராலும் ஆகாது. ஆகவே நெட்டையனை வேலையில் வைத்திருப்பது அறுப்புக்காரரின் பொறுப்பாயிற்று.

"ரெண்டு ஆள் இருக்கும்போது வின்ச் எதுக்கு மாமா?" என்றார் மைத்துனர் கைபேசிக்குள்ளிருந்து. "அது கனம் வேற. ஜீப்பு மூச்சு வாங்கும். இத்தனை வருஷம் நாம வின்ச்சையா நம்பி இருந்தோம்? நெட்டையன் என்ன, கடை வாசல்ல நிக்கிற பொம்மையா?"

கடைக்காரர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். "அவரு வரலீங்களா?"

"வேலைல இருக்கான்," என்றார் அறுப்புக்காரர்.

அவருடைய வலக்கை வின்ச்சின் உருளைமேல் இருந்தது. புது எண்ணெயின் பிசுக்கு விரலில் ஒட்டியது. சிறிது நேரம் அதைத் தடவிக்கொண்டே நின்றவர், பிறகு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"வெக்காததையே குடுங்க."

"பின்னால வேணும்னாலும் மாட்டிக்கலாம். நாலு போல்ட்டுதான்," என்றார் கடைக்காரர்.

அச்சகத்தின் பின்புறத்தில், காற்றில் வேரோடு சாய்ந்த மரம் மூன்று துண்டுகளாகக் கிடந்தது. முன்கட்டில் அச்சு இயந்திரங்கள் இடைவிடாமல் தடதடத்தன. ஓர் எழுத்தர் வந்து, எந்த அளவில் பலகை வேண்டும் என்று எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை.

முதல் நாள் மெல்லிய துண்டுகள் இரண்டையும் அவர் தனியாகவே ஏற்றினார். அடிமுனையை ஒரு சாண் நெம்பி ஆப்புச் செருகுவார், நடந்து மறுமுனைக்குப் போய் அதை ஒரு சாண் நெம்பி ஆப்புச் செருகுவார், திரும்பி வருவார். தடி நத்தையாய் ஏறியது. மாலைக்குள் பலகைகளை இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கிவிட்டார். இடுப்பு வலித்ததே தவிர, குறையொன்றும் இல்லை.

"நெட்டையன் எப்படி?" என்று அன்று மாலை மைத்துனர் கேட்டார்.

"பரவால்ல. பேசவே மாட்டான்."

"உங்களுக்கு ஏத்த ஆளுதான். என் வாயால உங்க காது பாதி தேஞ்சு போச்சுன்னு அக்கா சொல்லுவா. மீதிக் காதாவது பிழைக்கட்டும். சாப்பாடெல்லாம் எப்படி?"

"ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறான்."

"அடேயப்பா! கட்டுப்படி ஆகுமா மாமா?"

சாப்பாட்டைப் பொறுத்தவரை அது பொய்யன்று. இருவருக்கு உலை வைக்கும் பழக்கத்தை அவரால் இன்னும் விடமுடியவில்லை. முதலில் மனைவிக்கும் தமக்குமாக இருந்தது. அவள் போனபின் மைத்துனருக்கும் தமக்குமாக ஆயிற்று. இப்போது மிச்சத்தை மறுநாள் காலையில் அவரே தின்று தீர்த்தார்.

இரண்டாம் நாள், அடிமரம். பன்னிரண்டு அடி நீளம். முக்கால் டன்னுக்குக் குறையாது. மைத்துனர் போனபின் இவ்வளவு பெரிய தடியில் அவர் கைவைத்ததில்லை.

தடி உருட்டுவதில் அவ்விருவருக்கும் ஒரு முறை இருந்தது. கனத்த அடிமுனை அறுப்புக்காரருடையது. மெல்லிய முனை மைத்துனருடையது. நெம்புகோலைத் தோளில் தாங்கியவுடன் அறுப்புக்காரர், "இருக்கியா?" என்று குரல் கொடுப்பார். மைத்துனர் தம் முனையில் ஆப்பை இறுக்கிவிட்டு, "இருக்கேன்!" என்பார். அந்தச் சொல் வராமல் தடி ஓர் அங்குலமும் மேலே போகாது. இருவருக்கும் இடையே தடி மறைத்திருக்கும். குரலை நம்பித்தான் வேலை. எத்தனை சச்சரவு இருந்தாலும், காலையில் பேசாமலே வந்த நாள்களில்கூட, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை தவறியதில்லை.

அன்று காலை அறுப்புக்காரர் கவனமாகவே தொடங்கினார். தடி சாய்சட்டத்தின் பாதிக்கு மேல் ஏறியது. வெயில் ஏறியது, வியர்வை கண்ணில் இறங்கியது. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, மெல்லிய முனையை நெம்பிவிட்டு அடிமுனைக்குத் திரும்பினார். நெம்புகோலைக் கொடுத்து, தடியை ஆப்பிலிருந்து அரைச் சாண் உயர்த்தி, பாரம் முழுவதையும் தோளில் வாங்கிக்கொண்டார்.

"இருக்கியா?" என்றார்.

சொல்லிவிட்டு நின்றார்.

அச்சு இயந்திரங்கள் தடதடத்தன. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. இன்னும் குரல் வரவில்லையே என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஏன் வரவில்லை என்று தோன்றவில்லை. மறுமுனையில் ஆப்புச் செருகாமலே தாம் நடந்து வந்துவிட்டதும் நினைவில் இல்லை. கேள்வி கேட்டபின் அந்த முனையில் ஆப்பை இறுக்குவது, இருபத்திரண்டு ஆண்டுகளாக, அவர் வேலை அன்று.

நான்காவது மூச்சில் தோள் நடுங்கியது. மெல்லிய முனை வழுக்கியது. தடி குறுக்காகத் திரும்பி, அடிமுனை ஆப்பைத் துப்பிவிட்டுக் கீழே உருண்டது. அவர் பின்புறமாகத் துள்ளி விழுந்தார். நெம்புகோல் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. சுவரோரம் போய்த் தடி நின்றபோது, அதன் அடியில் அவருடைய டிபன் கேரியர் தகடாகக் கிடந்தது.

முழங்காலுக்குக் கீழே தோல் வழன்றிருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. எழுந்திராமல் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். யாராவது ஓடிவருவார்கள் என்று வாசலைப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. அச்சு இயந்திரங்கள் ஒரு தாளையும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. பயத்தைவிட அவருக்குக் கோபமே மிகுதியாக வந்தது. கூப்பிட்டால் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? யார்மேல் இந்தக் கோபம் என்று யோசித்தார். நெட்டையன்மேல்தான்.

நண்பகலில் கைபேசி அடித்தது.

"சாப்டாச்சா மாமா? அவன் உங்க பங்கையும் சேத்துச் சாப்டுட்டானா?"

"அவனை நிறுத்திட்டேன் மாப்ளே."

"ஐயையோ, ஏன்?"

"கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறான்."

மைத்துனரின் பேரக்குழந்தை எதையோ தரையில் தட்டும் ஒலி கைபேசியில் கேட்டது.

"அடி பட்டுச்சா?" என்றார் மைத்துனர், தணிந்த குரலில்.

"டிபன் கேரியருக்குத்தான்."

"மாமா... அவன் பேரை நீங்க ஒரு நாள்கூடச் சொன்னதில்ல."

"நீ கேக்கலையே."

"கேட்டா நீங்க சொல்ல முடியாதேன்னுதான் கேக்கல போலிருக்கு." மூச்சை இழுத்துவிட்டார். "நானும் உள்ளூர நம்பாமத்தான் நம்பினேன். பாவி, நான்தானே வின்ச் வேணாம்னு சொன்னேன். சாயங்கால பஸ்ஸுல வரேன்."

"வந்தா வீட்டைப் பூட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

"வரேன்னா வருவேன்."

"வந்து என்ன பண்ணுவே? ஒரு தடியைத் தூக்குவே. அப்புறம் உன்னை நான் தூக்கணும். அதுக்கு எந்தக் கடைல வின்ச் விக்கிறான்?"

மைத்துனர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறி நின்றது. அறுப்புக்காரர் தகடான டிபன் கேரியரைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். 'வா' என்ற ஓரெழுத்துச் சொல் அவர் நாக்கின் நுனிவரை வந்திருந்தது. அதை விழுங்குவது, அன்று காலைத் தடியைத் தாங்கியதைவிடக் கடினமாயிருந்தது.

"குழந்தை கூப்பிடுது பாரு. போ," என்றார்.

"அப்போ இன்னைக்கே கடைக்குப் போங்க. நாலு போல்ட்டுதான்னு சொன்னான் இல்ல?"

"போறேன்."

"போனை நான் கட் பண்ணல. நீங்க பண்ணுங்க."

அறுப்புக்காரர்தான் துண்டித்தார்.

கடைக்காரர் உருளையை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "உங்க ஆளு வேலையை விட்டுட்டானா?" என்றார்.

"நான் ஒருத்தன்தாங்க," என்றார் அறுப்புக்காரர். "அப்பவும் ஒருத்தன்தான்."

மறுநாள் காலை அச்சகத்தின் பின்புறத்தில் நான்கு போல்ட்டுகளையும் தாமே முடுக்கினார். கம்பி வடத்தை அடிமரத்தின்கீழ்ச் செலுத்தி, சுற்றி, கொக்கியில் மாட்டினார். பிறகு மெல்லிய முனைக்கு நடந்து போய், குனிந்து, அங்கே ஆப்பும் சாய்சட்டமும் நேராக உள்ளனவா என்று கையால் தொட்டுப் பார்த்தார். அங்கே நின்றால் அடிமுனையில் நிற்பவரின் தலை தெரிவதில்லை என்பதை அன்றுதான் அவர் கண்டார். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும், முந்தைய இரண்டு நாள்கள் ஓடியோடி நெம்பியபோதுகூட, அந்த முனையில் அவர் நின்று பார்த்ததில்லை.

திரும்பி வந்து, தடி உருண்டாலும் எட்டாத தொலைவில் நின்று, விசையைக் கையில் எடுத்தார்.

"இருக்கியா?" என்றார், வழக்கம்போல உரக்க.

விடைக்காக நிற்கவில்லை, விசையை அழுத்தினார். வடம் இறுகியது. தடி ஒருமுறை முனகிவிட்டு மேலே ஏறத் தொடங்கியது.