இருமல் மிஷின்

ஈரத் துணியால் கணவரின் முகத்தைத் துடைத்தவள் துணியைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்பது வருடப் பழக்கம். எதைத் துடைத்தாலும் திருப்பிப் பார்த்தாக வேண்டும். துணி சுத்தமாகத்தான் இருந்தது.

விடியலில் பிரிந்த உயிர். நடுப்பகலுக்குள் வீடு கொள்ளாத கூட்டம். தலைமாட்டில் நாத்தனார் தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தாள். ஜன்னலை மட்டும் யாரும் சாத்தவில்லை. அதைச் சாத்தக் கூடாதென்று சொல்லிவிட்டுத்தான் அவர் போயிருந்தார்.

ஜன்னலுக்கு நேர் எதிரே கல் அரைக்கும் ஆலை. அங்கே தூசு மிஷினில் இருபது வருடம் பை மாற்றியவர் அவர். அரவையில் கிளம்பும் கல்தூளை ஆள் உயரப் பைகள் வடிகட்டிப் பிடிக்கும். பையில் ஒட்டியதை உதற, அரை நிமிடத்துக்கு ஒரு தரம் உள்ளிருந்து காற்று அடிக்கும். தொப். தெருக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் இருமல் மிஷின். "அது இருமுற வரைக்கும் நாம இரும வேணாம்" என்பார் அவர்.

ஆனால் ஒன்பது வருடம் முன்பு, அது கரண்டைக் குடிக்கிறதென்று, சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் ஆலைக்காரர்கள் ஓடவிடத் தொடங்கினார்கள். மற்ற நாளெல்லாம் தெருதான் இருமியது. சோற்றில் தூள், தொட்டிலில் தூள், அவர் நெஞ்சுக்குள் கல்லே கட்டிவிட்டது. உட்காரும் முன் நாற்காலியைத் தட்டி உள்ளங்கையைப் பார்ப்பது அந்தத் தெருவின் பிறவிக் குணம்போல ஆகிப்போனது.

படுக்கையில் விழுந்த பிறகு அவருக்கு மிஞ்சியது காதுதான். தொப் கேட்டால் விரலைத் தூக்குவார். அவள் நோட்டில் கோடு போடுவாள். கேட்காவிட்டால் சுழி. மூன்று நோட்டு நிறையச் சுழி. தெருக்காரர்கள் கொடுத்த புகாரின் விசாரணையில் அந்த நோட்டுகள்தான் பேசின. தூசு மிஷின் நின்றால் அரவையும் நிற்க வேண்டும், மீறினால் ஆலைக்குச் சீல் என்று போன மாதம் உத்தரவு வந்தது. அன்றிலிருந்து இருபத்தாறு நாளும் கோடுதான்.

ஆலை சூப்பர்வைசர் பூவோடு வந்தார். காலடியில் வைத்தார். நாற்காலியைத் தட்டி, உள்ளங்கையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"சொந்தச் சரக்குதானே சார், அப்படியே உக்காருங்க" என்றார் பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

சூப்பர்வைசர் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்.

அழுகை மறுபடி ஏறியது. அதற்கு நடுவே அவளுக்கு என்னவோ உறுத்தியது, செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி. இன்னதென்று உடனே பிடிபடவில்லை. காது எதற்கோ காத்துக்கொண்டிருந்தது. அது வரவில்லை.

"கொஞ்சம் அழுகைய நிறுத்துங்க."

நாத்தனார் மூக்கைத் துடைத்தபடி நிமிர்ந்தாள். "என்ன அண்ணி பேச்சு இது? எங்க அண்ணனுக்கு நான் அழாம யாரு அழுவா?"

"உங்க அண்ணன் எங்கயும் ஓடிட மாட்டார். ஒரு நிமிஷம் வாய மூடு."

வீடு அடங்கியது. வாசல் அடங்கியது. விஷயம் வாய்க்கு வாய் போய்த் தெருவும் அடங்கியது. கரகரவென்று அரவை மட்டும் கேட்டது. தொப் இல்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டும் ஆயிற்று.

எல்லார் கண்ணும் சூப்பர்வைசர் மேல் விழுந்தது.

"மோட்டார் சூடாயிடுச்சும்மா. துக்க வீட்டுல வந்து இதையெல்லாம்..."

"அரவை மோட்டார் மட்டும் சூடாகலையா தம்பி?"

அவள் கணவரின் தலையணைக்கு அடியிலிருந்து நோட்டையும் பென்சிலையும் உருவினாள்.

"இன்னைக்கு இந்த வீட்டுல கேக்குற காது இருக்காதுன்னு நெனச்சுட்டீங்க" என்றாள். குரல் உயரவில்லை. நிதானமாக ஒரு சுழி போட்டு, அதை எல்லாரும் பார்க்கத் திருப்பிப் பிடித்தாள். "இத அழிக்க மாட்டேன். அடுத்தது உங்க கையில இருக்கு."

சூப்பர்வைசர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். போனை எடுத்துக் கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னார்: "அரவைய நிறுத்து. ஆமாப்பா, இப்பவே. தூசு மிஷின ஓட்டிட்டு அப்புறம் அதப் போடு."

அரவை நின்றது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தொப்.

பழக்க தோஷம், அவள் அவர் விரலைப் பார்த்தாள். அது போர்வைமேல் அப்படியே கிடந்தது.

ஜன்னலோரம் நின்ற தையல்காரர் தன் விரலைத் தூக்கினார். வாசலில் இன்னொருவர் தூக்கினார். அடுத்த தொப் வருவதற்குள் தெருமுனைவரை விரல்கள் எழுந்திருந்தன.

அவள் சுழிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். வழக்கத்தைவிடச் சற்று நீளமாகவே போட்டாள். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"ம், இப்ப அழு."

நாத்தனார் அழவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, அவளும் ஒரு விரலைத் தூக்கி வைத்திருந்தாள்.