கை குலுக்கிச் சொல்ல ஒரு வரி

ஹோட்டலின் அடித்தளத்துச் சலவைக்கூடத்தில் வருஷக்கணக்காக நின்றே பிழைத்தவளுக்குக் கால் நரம்பெல்லாம் புழுப்போலச் சுருண்டுகிடந்தது. இனியும் நின்றால் கால் கைவிட்டுவிடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றுதான் காலியாக இருந்தது, மேலே வரவேற்பு மேசையில். மறுநாள் மேனேஜர் ஆள் பார்க்கிறார்.

டை கட்டிய பயிற்சியாளர் ஒரே ஒரு வரியை உருப்போடச் சொல்லியிருந்தார். விருந்தாளியின் கையைக் குலுக்கி, "என்சாண்டட் டு மீட் யூ." 'என்சாண்ட்' என்றால் மந்திரம் போட்டு மயக்குவது, முன்பு சூனியக்காரிகள் செய்தது, இப்போது மரியாதைக்குச் சொல்வது.

ஷீட்டின் மறுமுனையைப் பிடித்திருந்த நாத்தனாருக்கு அது பிடிபடவில்லை.

"யார் யாரை மயக்குறது அண்ணி?"

"அவங்க நம்மள மயக்கிட்டாங்களாம். உங்களப் பார்த்ததுல சொக்கிப் போயிட்டேன்னு அர்த்தம்."

"கண்டவன் கையப் புடிச்சு அதைச் சொல்லணுமா? எங்கண்ணன் காதுல விழட்டும், இருக்கு உனக்கு!"

"உங்கண்ணனப் பார்த்துச் சொக்கித்தானே இந்த ஆவியில வந்து வேகுறேன். இழுடீ."

தனியாக உட்கார்ந்து படிக்க நேரமேது? ஈர ஷீட்டை எதிரெதிரே நின்று பிடித்து, இருவரும் ஒரே நேரத்தில் வெடுக்கென்று இழுத்தால்தான் சுருக்கம் போகும். அந்த இழுப்புக்குத் தோதாக வரியை வைத்துக்கொண்டாள். 'என்சாண்டட் டு மீட்' வரை மூச்சைப் பிடித்திருப்பாள். 'யூ' என்றதும் வெடுக்கென்று ஒரே இழுப்பு. ஷீட்டுக்கு ஒரு தடவை. வேலை முடிவதற்குள் வரி நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது.

மறுநாள் மேனேஜர் காப்பியை ஓரம் வைத்துவிட்டு எழுந்து, மேசைக்குக் குறுக்கே சாய்ந்து கையை நீட்டினார். அவள் சிரித்த முகமாகப் பற்றிக்கொண்டாள்.

"என்சாண்டட் டு மீட் யூ!"

கை அதன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. மேனேஜர் மேசைமேல் குப்புற விழுந்தார். அவர் கண்ணாடி காப்பிக்குள் விழுந்தது. பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியை எடுத்து, தன் வேலைக் கோட்டின் நுனியால் துடைத்து நீட்டினாள்.

"உச்சரிப்பு நல்லாத்தான் இருக்கு," என்றார் மேனேஜர், தோளைத் தடவிக்கொண்டே. "சொல்லி அனுப்புறோம்."

அந்த ஹோட்டலில் அப்படிச் சொல்லி அனுப்பி வேலைக்குப் போனவர் எவருமில்லை. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினாள்.

"என்ன அண்ணி, மயங்கினாரா?"

"விழுந்தே போயிட்டாருடீ."

நடந்ததைக் கேட்டு நாத்தனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அண்ணியின் பார்வை கால்பக்கம் போனதைக் கண்டதும் சிரிப்பு நின்றது. காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துத் தள்ளினாள்.

"செத்த உக்காரு. சூப்பர்வைசர் வந்தா எந்திரிச்சுக்கலாம்."

"உக்காந்துக்கிட்டு ஷீட் இழுக்க முடியுமா? புடி."

இருவரும் நுனிகளைப் பிடித்தார்கள். இந்தத் தடவை அந்த வரி இல்லாமலே இழுத்தார்கள்.