எண்பது கிலோ கன்றுக்குட்டி

தலைவர் பதவி வந்த மாதத்திலேயே, தலைவருக்கு உட்காரும் இடத்தில் ஒரு கட்டியும் வந்தது. பதவிக்காக அவர் பல பேரைப் போய்ப் பார்த்திருந்தார். கட்டி சிபாரிசு இல்லாமலே வந்தது.

அவர் கால்நடை மருத்துவத் துறையில் பெரிய அதிகாரி. ஆன்டிபயாடிக் மருந்துகளை மனிதருக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் கண்டபடி கொடுத்ததில், கிருமிகள் அவற்றைச் சட்டை செய்யாத அளவுக்குத் தேறிவிட்டன. அதற்காக ஒரு கட்டுப்பாட்டுக் குழு அமைத்தார்கள், இவரைத் தலைவராக்கினார்கள். குழுவின் விதிகளை எல்லாம் அவரே எழுதினார். அதைவிட அக்கறையாகத் தலைவர் நாற்காலியின் அளவுகளை எழுதினார். முதுகு, தலைக்கு மேல் ஒரு சாண் உயர வேண்டும். சுழல வேண்டும். திரும்பும்போது கிரீச்சிடக் கூடாது.

"பாதியில் நிறுத்திய மாத்திரை, கிருமிக்கு நாம் நடத்தும் பயிற்சி முகாம்!" என்று மேடைதோறும் முழங்குவார். கைதட்டல் நிச்சயம். கைதட்டல் ஓய்ந்து வீட்டுக்கு வந்தால், சமையலறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் பாதி தின்ற மாத்திரை அட்டைகள். காய்ச்சல் இறங்கிய நிமிடமே மாத்திரையை நிறுத்தி, மிச்சத்தை அதில் போடுவது அவர் வழக்கம். அடுத்த தும்மலுக்கு உதவும் அல்லவா?

இன்னொரு டாக்டரிடம் போவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். மனிதருக்கு எவ்வளவு மருந்து என்று அவர் படித்ததில்லை. எண்பது கிலோ கன்றுக்கு எவ்வளவு என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அவர் எடையும் எண்பது கிலோ. ஆகவே பல் வலித்தாலும் தொண்டை கட்டினாலும் தன்னை ஒரு கன்றாகப் பாவித்துக் கணக்குப் போட்டு விழுங்கிவிடுவார். மிஞ்சியதில் மிஞ்சியது மந்திரிக்கு. மந்திரி என்பது வீட்டு நாய். மாலை நேரத்தில் இருவரும் ஒரே பழைய சோபாவில், ஒரே குழியில், மாறி மாறிப் படுப்பார்கள்.

இந்தத் தடவை டப்பாவில் இருந்த ஐந்து வகை மாத்திரையும் தீர்ந்தது. கட்டி மட்டும் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தது.

"ஏங்க, நேத்திலேர்ந்து நின்னுக்கிட்டே டீ குடிக்கிறீங்க. நின்னுக்கிட்டே பேப்பர் படிக்கிறீங்க. என்ன வேண்டுதலா?" என்றாள் மனைவி.

"தலைவர்னா கொஞ்சம் நிமிர்ந்து நிக்கணும்."

"மந்திரியும்தான் நிக்குது. அதுக்கு என்ன பதவி குடுத்திருக்காங்க?"

மந்திரிக்கும் வாலுக்குக் கீழே கட்டி. மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் தலைமை அதிகாரி. மனித மாதிரி, விலங்கு மாதிரி இரண்டும் அங்கேதான் வரும். அதோடு குழுவின் செயலாளரும் அவனே. பஞ்சு சுற்றிய குச்சிகளோடு வந்து சேர்ந்தான்.

"திரும்புங்க அத்தான்."

"மரியாதையா பேசு மச்சான். நான் உன் குழுத் தலைவர்."

"தலைவர் தயவுசெஞ்சு திரும்பணும்னு செயலாளர் கேட்டுக்கறேன்."

தலைவர் திரும்பினார். சீழ் எடுத்து முடிந்ததும், குழாயில் ஒட்டும் லேபிளைத் தம்பி எடுத்தான்.

"என் பேரைப் போட்டே, தொலைச்சுடுவேன். ஆய்வகம் பூரா சிரிக்கும்."

"அப்ப யார் பேர்?"

"கன்னுக்குட்டின்னு போடு. ஆண். எண்பது கிலோ."

"அக்கா, நீதான் சாட்சி."

"எதையாவது ஒட்டித் தொலைடா, டீ ஆறுது."

கன்றுக்குட்டி ஒரு குழாயிலும் நாய் ஒரு குழாயிலுமாகப் போனார்கள்.

முடிவோடு திரும்பி வந்தபோது தம்பி முகத்தில் சிரிப்பு இல்லை. தலைவருக்கு அதற்குள் காய்ச்சல் ஏறியிருந்தது.

"ரெண்டுலயும் ஒரே கிருமி. எந்த மருந்தை வச்சாலும் அது மேலேயே ஏறிப் படுத்துக்குது. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் மசியுது அத்தான். அந்தக் கடைசி மருந்துக்கு."

வேறு எதுவும் கேட்காதபோது மட்டும் தரும் அந்தக் கடைசி மருந்து ஆஸ்பத்திரியில் பூட்டிய அலமாரியில் இருந்தது. குழு கை தூக்கினால்தான் பூட்டுத் திறக்கும்.

"மந்திரிக்குக் கீறிக் கழுவியாச்சு, ஆறிடும். உங்களுக்கு உள்ளே பரவுது. விட்டா ரத்தத்துல ஏறும். விளையாட்டில்ல."

"அப்ப மருந்தை எடுடா!"

"கன்னுக்குட்டிக்கா? மிருகத்துக்கு அந்த மருந்து கூடாதுன்னு மூணாவது விதி."

"லேபிளை மாத்து."

"ஒட்டின லேபிளை மாத்தக் கூடாதுன்னு ஏழாவது விதி. எல்லாம் நீங்க எழுதினதுதான்."

"புதுசா மாதிரி எடு."

"எடுக்கலாம். உங்க பேர்ல."

தலைவர் யோசித்தார். கன்றுகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு என்று பொதுவாகப் பேசிக் குழுவைச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று தோன்றியது. பொதுவாகப் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கூட்டத்தில் புது நாற்காலி பளபளவென்று காத்திருந்தது. தலைவர் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் நிற்கும்போது யார் உட்காருவது? குழுவே எழுந்து நின்றது.

"என்ன பணிவு பாருங்க," என்றார் கோழிப் பண்ணைக்காரர்களின் பிரதிநிதி.

"எனக்கு முட்டி வலி ஐயா. நீங்க உட்கார்ந்தா நாங்களும் உட்காருவோம்," என்றார் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரம்மா.

"நாடு இருக்கிற நிலைமையில உட்கார மனசு வரலைம்மா."

முதல் விஷயமாகக் கன்றுக்குட்டி வந்தது. தலைவர் குரலைக் குழைத்தார். "வாயில்லா ஜீவன். விதிவிலக்கா அந்தக் கடைசி மருந்தைக் கொடுத்தா என்ன?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு சொட்டுகூட மிருகத்துக்குக் கிடையாதுன்னு மேஜையைத் தட்டினது யாரு?"

"என் கோழிகளுக்கு மருந்து வாங்கினதுக்கு என்னைக் கொலைகாரன் ரேஞ்சுக்குப் பேசினீங்க," என்றார் கோழிக்காரர். "கன்னுன்னா மட்டும் இளகுதா? உங்க வீட்டுக் கன்னா?"

"அப்படின்னு இல்ல..."

"பண்ணை மிருகத்துக்கு இந்தக் கிருமி வந்தா என்ன செய்யணும்னு அஞ்சாவது விதி இருக்கே. கொன்னு, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும்," என்றார் கோழிக்காரர். " செயலாளரே, உங்க ரிப்போர்ட்ல ஒரு நாய்க்கும் இதே கிருமின்னு இருக்கே? கன்னும் நாயும் ஒரே சோபாலயா படுத்துக்குது?"

குழு சிரித்தது. தம்பிக்கு மட்டும் பெரிய இருமல் வந்தது.

"சரி, கன்னை அழிக்கச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் டாக்டரம்மா.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. கையைத் தூக்கச் சொன்னால் தூக்கிவிடுவது பல வருட உத்தியோகப் பழக்கம். தலைவரின் கையும் கூடவே உயர்ந்தது. தன்னைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கத் தானே ஓட்டுப் போட்டிருப்பது அவருக்கு மெதுவாக உறைத்தது. தம்பியைப் பார்த்தார். தம்பி கண்ணிலும் பயம்.

கை இறங்கியது.

"கொஞ்சம் பொறுங்க. அந்தக் கன்னுக்குட்டி... நான்தான்."

மற்றக் கைகளும் ஒவ்வொன்றாக இறங்கின.

"உவமையா சொல்றாரோ?" என்று கோழிக்காரர் பக்கத்தில் கிசுகிசுத்தார்.

டாக்டரம்மா முட்டி வலியை மறந்து விறுவிறுவென்று வந்து அவர் நெற்றியில் கை வைத்தார். "அடக் கடவுளே, கொதிக்குது! திரும்புங்க ஐயா."

அந்த வாரத்தில் இரண்டாவது தடவையாகத் தலைவர் திரும்பினார். பிஸ்கட் டப்பா முதல் சோபாக் குழி வரை எல்லாம் வெளியே வந்தது. மனிதர் என்று உறுதியான பிறகு குழு மறுபடியும் கை தூக்கியது. இந்தத் தடவை பூட்டுத் திறந்தது.

ஆஸ்பத்திரியில் தலைவர் குப்புறப் படுத்தபடியே பிழைத்தார். ஊசி முடிந்து மாத்திரைக்கு மாறியபோது, டாக்டரம்மா ஒரு நிபந்தனை போட்டார். குழு உறுப்பினர் ஒருவர் கண்ணெதிரே, முறை வைத்து, கடைசி மாத்திரை வரை விழுங்கியாக வேண்டும்.

மாத்திரைகள் முடியப்போகும்போது கோழிக்காரர் முறை வந்தது. தலைவருக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, குரல்கூடத் திரும்பியிருந்தது.

"எனக்குத்தான் நல்லாயிடுச்சே. இந்த மிச்ச ரெண்டையும் எடுத்து வச்சா, நாளைக்கு மந்திரிக்கு ஏதாவது ஒண்ணுன்னா..."

"டப்பால இப்ப பிஸ்கட்தான் இருக்கு," என்றாள் மனைவி. "பாதி மந்திரி தின்னாச்சு."

கோழிக்காரர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மாத்திரையை நீட்டினார்.

"ஆ காட்டுங்க, கன்னுக்குட்டி."

தலைவர் வாயைத் திறந்தார். பேசுவதற்காக அல்லாமல் அவர் அதைத் திறந்து கோழிக்காரர் பார்த்ததில்லை.